முயல் நாய்க்கு ஒரு தேங்காய்

எனக்குக் கொதி வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். அந்தச் செவ்வாய்க்கிழமை என் கை போய் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவிட்டது.

பாரிசில் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிறேன். வடை, ரோல்ஸ், சம்பல் என் பொறுப்பு. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பிரெஞ்சு விவசாயி தன் வெள்ளை வான் வண்டியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து கடையின் பின்முற்றத்தில் இறக்குவார். பாரிசுக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் அவருடைய தோட்டம். அறுபது வயது, சிவந்த மூக்கு, எந்நேரமும் சேறு பிடித்த சப்பாத்து. நாங்கள் அவரை வெங்காயக்காரர் என்போம். பத்து வருடமாக நானும் அவரும் ஒவ்வொரு செவ்வாயும் சண்டை பிடிக்கிறோம். வெங்காயம் அழுகல் என்று நான் சொல்வேன். என் கண்தான் அழுகல் என்று அவர் சொல்வார். சண்டை பிரெஞ்சில் நடக்கும். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. ஏசுவதற்குப் போதும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வானின் பின்கதவைத் திறந்தபோது ஒரு வெங்காயப் பெட்டிக்குள் மூன்று டெரியர் குட்டிகள் இருந்தன. வெள்ளை உடம்பு, மண்ணிறக் காது. நான் குனிந்து பார்த்தேன்.

"தொட வேண்டாம் மதாம். இது பொம்மை இல்லை, வேலை செய்யிற நாய். முயலுக்குப் பழக்கவேணும். உங்கள் ஆட்கள் கையில் கிடைத்தால் சோபாவில் வைத்துக் கெடுத்துப்போடுவீர்கள்" என்றார்.

உங்கள் ஆட்கள் என்றால் யார்? என் வீட்டு சோபாவை இவர் எப்போது பார்த்தார்? என் கை பெட்டிக்குள் போனது. கைக்கு அகப்பட்டதைத் தூக்கினேன். மூன்றிலும் சின்னது. ஒரு ரோல்ஸ் அளவு இருந்தது. தூக்கியவுடன் என் ஏப்ரனில் மூத்திரம் பெய்தது.

"நான் பழக்கிக் காட்டுறன். உன்ரை வெங்காயத்தையே பத்து வருசமாப் பழக்கினனான். நாய் என்ன பெரிய நாய்" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். செப்டம்பர் கடைசியில் வேட்டைக் காலம் திறக்கும். அன்றைக்குக் குட்டியை அவருடைய தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது முட்பற்றைக்குள் போய் ஒரு முயலை வெளியே கிளப்ப வேண்டும், துவக்கு வெடிச் சத்தத்துக்கு ஓடக் கூடாது. இரண்டும் நடந்தால் நாய் எனக்கு. இல்லாவிட்டால் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரன் வீட்டுக் களஞ்சியத்தில் எலி பிடிக்கப் போகும். குட்டியின் உரிமைப் பத்திரம் அதுவரை அவருடைய சட்டைப் பையில் இருக்கும்.

"ஓம், சரி" என்றேன். வெடிச் சத்தம் என்ற சொல் அப்போது என் காதில் ஏறவேயில்லை.

வீட்டில் கணவர் கதிரையில் ஏறி நின்றார். இருபது கிலோ அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற மனிதர், ரோல்ஸ் அளவு குட்டிக்குக் கதிரையில் ஏறினார்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? நாப்பது சதுர மீற்றர் வீட்டுக்குள்ளை நாயோ? சாமிப்படம் இருக்கிற வீடு."

"வைரவருக்கு வாகனமே நாய்தான். படத்தைப் போய் வடிவாப் பாருங்கோ."

அவர் கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தார். ஆனால் கதிரையை விட்டு இறங்கவில்லை.

பதினேழு வயது மகள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். குட்டியைக் கண்டதும் தமிழில் "ஐயோ அம்மா!" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே குட்டிக்கு அன்று ஒரு முட்டை அவித்துக் கொடுத்தேன். பெயர் வைக்கவில்லை. என் பெயருக்குப் பத்திரம் வந்த பிறகுதான் பெயர் என்று சொல்லிவிட்டேன். குட்டி என்றே கூப்பிட்டோம்.

பழக்கம் தொடங்கியது. மகள் தொலைபேசியில் பிரெஞ்சு வேட்டைக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து எனக்கு விளக்கினாள். முதலில் முயல் தோலை ஒரு கயிற்றில் கட்டி இழுக்க வேண்டும், குட்டி மோப்பம் பிடித்து வர வேண்டும். தோலுக்காகப் பக்கத்து நகரமான சென் தெனியின் சந்தைக்குப் போனேன். இறைச்சிக் கடைக்காரன் முயலை உரித்து வைத்திருந்தான். எனக்கு இறைச்சி வேண்டாம், தோல் மட்டும் வேண்டும் என்றேன். தோல் எதற்கு என்று கேட்டான். சட்டை தைக்க என்றேன். அடுத்த கிழமை இரண்டு தோல் கொண்டுவந்து தந்தான். பைக்குள் பார்த்தவுடன் மூக்கைப் பொத்தினேன். ஆனால் விடுவேனா?

தோலை பிரீசருக்குள் முருங்கைக்காய்ப் பைக்கு அடியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை, இறைச்சி தொடாத மரக்கறி நாள். கணவர் முருங்கைக்காய் எடுக்கப் போனார். அவர் போட்ட சத்தத்துக்கு மேல் வீட்டு அல்ஜீரிய அம்மா இறங்கிவந்து கதவைத் தட்டினார். அன்றைக்கு கணவர் மூன்று முறை குளித்தார். முருங்கைக்காய் முழுவதும் குப்பைக்குப் போனது.

சென் தெனியில் கால்வாய்க்கரைக்கு அருகில் பாழடைந்த ஒரு காணி இருக்கிறது. உடைந்த சுவர், பழைய டயர், ஆளுயரத்துக்கு முட்பற்றை. விடுமுறை நாட்களில் குட்டியைச் சாமான் பைக்குள் வைத்து ரயிலில் அங்கே கொண்டுபோவேன். பைக்குள்ளிருந்து காது மட்டும் வெளியே தெரியும். தோலைக் கட்டி இழுத்துக்கொண்டு நான் ஓட, பின்னால் குட்டி ஓட, அதற்குப் பின்னால் மகள் படம் எடுத்துக்கொண்டு ஓடுவாள். நாற்பத்தெட்டு வயதில் நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து கால்வாயில் மீன் பிடிக்கிற ஆட்கள் கை தட்டினார்கள். ஒரு நாள் கயிறு என் காலில் சுற்றி நான் முட்பற்றைக்குள் விழுந்தேன். குட்டி தோலை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் பற்றைக்குள் பாய்ந்தது. அதுவரை முள்ளுக்குப் பயந்து வெளியே நின்று குரைத்த சனியன் அன்றிலிருந்து எந்தப் பற்றையென்றாலும் தலையை நுழைத்தது. அது பெரிய பாடம். பாடம் நடத்தியது என் முதுகு. முள் எடுக்க மகளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

கடையில் கொத்து ரொட்டி போடுகிற அண்ணை வன்னியிலிருந்து வந்தவர். எல்லாவற்றிலும் தனக்கு அனுபவம் இருக்கிறது என்பார்.

"தங்கச்சி, நாங்கள் காட்டிலை முயல் பிடிக்கேக்கை நாய்க்கு ஒண்டும் பழக்கிறேல்லை. நாய்தான் எங்களைப் பழக்கும்."

"அதுதான் உங்களை இன்னும் ஒண்டும் பழக்கேல்லையே."

"உன்ரை நாய் முயலைக் கண்டால் முயல்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகும், பார்."

அப்படிச் சொல்லிவிட்டு, நான் குட்டியைக் கடைக்குக் கொண்டுவருகிற நாட்களில் யாரும் பார்க்காத நேரம் குட்டிக்கு ஆட்டிறைச்சித் துண்டு போடுவார். எனக்குத் தெரியும். குட்டிக்கும் தெரியும்.

எல்லாம் நன்றாகப் போனது. ஜூலை பதினாலு, பிரான்சின் தேசிய தினம், வந்தது. தெருவெல்லாம் பட்டாசு. முதல் வெடிக்கே குட்டி ஓடிப்போய் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. உடம்பு முழுவதும் நடுங்கியது. கணவர் தரையில் படுத்து மெஷினுக்கு அடியால் ஒரு கிண்ணத்தில் பால் தள்ளினார். கதிரையில் ஏறி நின்ற அதே மனிதர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெடிக்கு ஓடினால் குட்டி போய்விடும். களஞ்சியத்தில் எலி பிடிக்கப் போய்விடும். என் ஏப்ரனைக் கடித்து, என் தலையணையில் படுத்து, நான் வேலையால் வரும்போது கதவுக்குப் பின்னால் அழுகிற இந்தச் சனியனை ஒரு வெங்காயக்காரன் வந்து பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவான். உடனே கொதி வந்தது. கொதி வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும்.

மகள் வாசித்துச் சொன்னாள். சின்னச் சத்தத்தில் தொடங்க வேண்டும், சத்தம் கேட்டவுடன் விருப்பமான தீன் கொடுக்க வேண்டும், நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்ட வேண்டும்.

குசினியில் தினமும் என் முதல் வேலை பன்னிரண்டு தேங்காய் உடைப்பது. கத்திப் புறத்தால் ஓர் அடி, தேங்காய் இரண்டாகும். வெங்காயக்காரர் வருகிற செவ்வாய் தவிர மற்ற நாட்களில் குட்டியைக் கூட்டிவந்து பின்முற்றத்தின் மறுமூலையில் கட்டினேன். டொக் என்று உடைத்தேன். ஓடிப்போய் ஒரு தேங்காய்ச் சொட்டை, சின்னத் துண்டை, அதன் வாயில் வைத்தேன். நடுங்கிக்கொண்டே மென்றது. மறுபடியும் டொக், மறுபடியும் சொட்டு. நாய்க்குத் தேங்காய் இவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு கிழமையில் நடுக்கம் நின்றது. இரண்டாவது கிழமை நான் கத்தியை எடுத்தாலே வாலை ஆட்டியது. பிறகு குப்பைத் தொட்டி மூடியை அடித்தேன், சொட்டு. கடை ஷட்டரைப் படாரென்று இழுத்தேன், சொட்டு. கொத்து போடுகிற அண்ணை தகட்டில் கரண்டியால் ஓங்கி அடித்துவிட்டு, "தங்கச்சி, இது எனக்கு முன்னாலை வந்து வாயைப் பிளந்துகொண்டு இருக்குது" என்று கத்துவார். நான் கடை முழுவதும் கேட்கச் சிரிப்பேன்.

கடைசிச் சோதனை தேர். ஓகஸ்ட் முடிவில் பிள்ளையார் தேர் எங்கள் தெருக்களைச் சுற்றிவரும். தேர் வருகிற வழியில் குவியல் குவியலாகத் தேங்காய் அடிப்பார்கள். தவில், நாதஸ்வரம், தேங்காய் வெடிக்கிற சத்தம், ஓடுகிற தேங்காய்த் தண்ணீர். பிரெஞ்சுக்காரர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். கணவர் வேட்டியோடு வந்து என்னைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"தேருக்கு நாயைக் கொண்டு வந்திட்டாள். சனம் பார்க்குது."

"சனம் பிள்ளையாரைப் பார்க்கட்டும். நாங்கள் மூலையிலை நிக்கிறம்."

ஒரு மூலையில் குட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். முதல் குவியல் வெடித்தது. குட்டி துள்ளிய துள்ளலில் என் கையிலிருந்து வழுகி இறங்கி ஓடியது. ஓடிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. அது சத்தத்தை விட்டு ஓடவில்லை, சத்தத்துக்குள் ஓடியது. தேங்காய் அடிக்கிற ஆட்களின் கால்களுக்கு இடையில் புகுந்து, சிதறின சொட்டுகளை அள்ளி அள்ளி விழுங்கியது. ஒவ்வொரு வெடிக்கும் தலையைத் தூக்கிப் பார்த்து, வாலை ஆட்டி, அடுத்த துண்டுக்குப் பாய்ந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேங்காய்த் தண்ணீரில் வழுக்கி வழுக்கி அதன் பின்னால் ஓடினேன். சனம் எல்லாம் சிரித்தது. கணவர்கூடச் சிரித்தார். அந்த இடத்திலேயே தேரைப் பார்த்துக் கும்பிட்டு நேர்த்தி வைத்தேன். பிள்ளையாரே, குட்டி எனக்குக் கிடைத்தால் கையோடு உனக்கு ஒரு தேங்காய் அடிக்கிறேன்.

அன்று இரவு முழுக்கக் குட்டிக்கு வயிற்றாலடி. கழுவியது கணவர்.

செப்டம்பர் கடைசியில் அந்த நாள் வந்தது. மகள் பரீட்சை என்று வரவில்லை, கணவர் துவக்குக்குப் பயம் என்று வரவில்லை. குட்டியும் நானும் ரயிலில் போய் இறங்க, வெங்காயக்காரர் வானில் வந்து ஏற்றினார். என் பைக்குள் இருபது வடை, ஒரு தண்ணீர்ப் போத்தல், நேர்த்தித் தேங்காய். அவருடைய இரண்டு பெரிய நாய்கள் பின்னால் கூட்டுக்குள் நின்று என்னைப் பார்த்துக் குரைத்தன. நானும் அவற்றைப் பார்த்து முறைத்தேன்.

வெங்காயம் கிண்டி முடித்த வயல். ஓரத்தில் நீளமாக முட்பற்றை. வெங்காயக்காரர் தன் நாய்களை இறக்கிவிட்டு, துவக்கை மடித்துத் தோட்டாப் போட்டார். குட்டியை அவிழ்த்துவிட்டேன்.

"போ குட்டி. உள்ளை போ."

குட்டி மூக்கைத் தரையில் வைத்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு பற்றைக்குள் நுழைந்து காணாமல் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் குந்தியிருந்து பற்றைக்குள் எட்டிப் பார்த்தேன். திடீரென்று உள்ளே கீச்சென்று ஒரு குரைப்பு. இலைகள் ஆடின. ஒரு முயல் வெளியே பாய்ந்தது! நல்ல கொழுத்த சாம்பல் முயல். அதன் வாலுக்குப் பின்னால் குட்டி. அதற்குப் பின்னால் பெரிய நாய்கள் இரண்டும். நான் தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

துவக்கு வெடித்தது. முயலுக்கு ஒரு மயிரும் உதிரவில்லை. முயல் வயலைத் தாண்டி ஓட, பெரிய நாய்கள் அதைத் துரத்திக்கொண்டு அடுத்தவன் காணிக்குள் போய் மறைந்தன. வெங்காயக்காரர் விசில் ஊதினார், கத்தினார், தூஷணம் பேசினார். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குட்டி மட்டும் வெடிச் சத்தத்துக்கு அப்படியே திரும்பியது. முயலை விட்டுவிட்டு முழு வேகத்தில் ஓடி வந்தது. என்னைத் தாண்டிப் போய் வெங்காயக்காரரின் சப்பாத்துக்கு முன்னால் குந்தியது. வாயைத் திறந்துகொண்டு அவருடைய கையையே பார்த்தது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பாவி, இது தேங்காய்க்கு வந்திருக்கிறது.

அவருக்கு விளங்கவில்லை. கண் பெரிதாகியது. வானத்தைப் பார்த்து இன்னொரு வெடி வைத்தார். அதற்குள் நான்கு அடி தள்ளிப் போயிருந்த குட்டி மறுபடியும் அவரிடமே ஓடிப்போய் நிமிர்ந்து குந்தியது.

"நாற்பது வருடம் நாய் வளர்க்கிறேன்," என்றார் மெதுவாக. "ஒரு டெரியர் வெடிக்கு முயலை விட்டுவிட்டு வேட்டைக்காரனிடம் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. என்னுடைய நாய்களை இனி மத்தியானம் வரைக்கும் தேடவேணும். இது என்னிடம் வருகிறது, பார்த்தீர்களா? தாய் என்னுடைய நாய். இரத்தம் தெரியும்." உரிமைப் பத்திரம் இருந்த சட்டைப் பையின் பொத்தானைப் பூட்டினார். "நிபந்தனை என்ன? முயல். முயல் எங்கே? முயல் விழவில்லையே மதாம்."

"முயலைக் கிளப்பச் சொன்னாய், கிளப்பிட்டுது. விழாதது நாயின்ரை பிழையோ? நீ சுடத் தெரியாமல் சுட்டதுக்கு நாய் என்ன செய்யும்?"

"வேறு ஒரு குட்டி தருகிறேன். இதைவிடப் பெரியது."

என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் நான் பழக்கிய லட்சணம் தெரிந்துவிடும். இது வேட்டை நாய் இல்லை, பிச்சை கேட்கிற நாய், களஞ்சியத்துக்குக் கொண்டுபோ என்றாகிவிடும். சொல்லாவிட்டால் அவர் இப்போதே கொண்டுபோய்விடுவார். இரண்டு பக்கமும் குட்டி போகிறது. எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்த வயதில் இன்னும் வடை சுட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

"அது உன்னட்டை வரேல்லை. தேங்காய்க்கு வந்தது" என்று கத்தினேன்.

பைக்குள் கையை விட்டு நேர்த்தித் தேங்காயை எடுத்தேன். வயல் எல்லையில் ஒரு கல் நட்டிருந்தது. பிள்ளையாரே, பொறுத்துக்கொள் என்று சொல்லி, இரண்டு கையாலும் தூக்கி ஓங்கி அடித்தேன். டொக்! தேங்காய் சுக்குநூறாகிச் சிதறியது. குட்டி வெங்காயக்காரரின் சப்பாத்தில் ஏறி மிதித்துக்கொண்டு என்னிடம் பறந்து வந்தது. என் கால்களைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை அள்ளியது.

வெங்காயக்காரர் விடாக்கண்டன். மறுபடியும் தோட்டாப் போட்டு வானத்தில் சுட்டார். குட்டி தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்தது. அவருடைய வெறும் கையைப் பார்த்தது. பிறகு குனிந்து சொட்டைக் கடித்தது.

அவருக்கு முதலில் மூக்குத்தான் சிரித்தது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு துவக்கை வான் கதவில் சாய்த்துவிட்டு வரம்பில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். கொதியும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்கு விக்கல் எடுத்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஷட்டர், குப்பைத் தொட்டி, தேர், வயிற்றாலடி, ஒன்றையும் விடவில்லை. அவர் நிலத்தில் கிடந்த ஒரு சொட்டை எடுத்து மண்ணைத் துடைத்துவிட்டுத் தானும் கடித்துப் பார்த்தார்.

பொத்தானை அவிழ்த்தார். வானின் முன் தகட்டில் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனை எழுதவில்லை. இரண்டு முறை உதறி மறுபடியும் போட்டார். நான் பத்திரத்தைப் பறித்து இடுப்பில் ஏப்ரன் கட்டுகிற இடத்தில் செருகிக்கொண்டேன்.

அவருடைய நாய்கள் வரும்வரை வானுக்குள் காத்திருந்தோம். இருபது வடையில் பதினொன்றை அவர் சாப்பிட்டார். குட்டி என் மடியில் வயிறு ஊதிப்போய் நித்திரை.

"என்னுடைய நாய்களுக்கும் இப்படிப் பழக்க எத்தனை தேங்காய் வேணும் மதாம்?"

"முதல்லை நீ சுடப் பழகு" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர், இனிப் பெயரும் குட்டிதான் என்று அதைத் தூக்கிக் கொஞ்சினார். பிறகு கணக்குக் கேட்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"பொறும். அவன் கையெழுத்துப் போட முதலே தேங்காயை அடிச்சிட்டீரோ? நேர்த்தித் தேங்காய் கேட்டது கிடைச்சாப்பிறகெல்லோ அடிக்கிறது. உது செல்லாது."

இந்த மனிதருக்கு எப்போதும் நான் செய்வதில் ஒரு பிழை இருக்க வேண்டும். ஆனால் இதில் அவர் சொன்னது சரி. அடுத்த செவ்வாய்க்கிழமை வெங்காயம் இறக்குகிற நேரம் பின்முற்றத்தில் இன்னொரு தேங்காய் அடித்தேன். சத்தத்துக்கு மூன்று பேர் ஓடி வந்தார்கள். குட்டி, கொத்து அண்ணை, வெங்காயக்காரர். வெங்காயக்காரர் ஒரு சொட்டுக்குக் கையை நீட்டினார்.